காற்று அடிக்கப்படும்

மவ்சூக் நானாவின் கடையில்
அழகுக்கு விலையில்லை.
இரும்பு கிலோ இவ்வளவு,
அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் கூட.
பித்தளை என்றால் மட்டும்
தராசைத் துடைத்துவிட்டுப் பேசுவார்.
பூவேலை செய்த கம்பியொன்றைத் தூக்கிக் காட்டி
"வடிவாக் கிடக்கு நானா" என்றேன்.
"ரெண்டே கால் கிலோ கிடக்கு" என்றார்.

அரியாலையில் நான் எடுத்த அறைக்கு
ஒரு கதவு, தெருவைப் பார்த்த ஒரு யன்னல்,
முன்னுக்கு இருந்தவர்கள் அடித்துவிட்டுப் போன
பதினேழு ஆணிகள்.
முதல் மாதம் முழுக்க
அவற்றை எண்ணிக்கொண்டுதான் படுத்தேன்.
அலுமாரி, சோபா, மூன்று பக்கக் கண்ணாடி மேசை
எல்லாம் என் பேரில் போன சாமான்கள்,
கோண்டாவில் வீட்டில் நிற்கின்றன.
நிற்கட்டும்.
லொறிக்காரன் கேட்ட காசில்
ஒரு டிரில் மெசின் வாங்கினேன்.

முதலில் வந்தது ஒலிபெருக்கிக் குழல்.
எந்தத் தேர்தலுக்குக் கத்தியதோ,
எந்தத் திருவிழாவில்
தொலைந்த பிள்ளையின் காற்சட்டை நிறத்தைச் சொன்னதோ,
உள்ளே குளவி மண்கூடு.
சுரண்டி, அரத்தாள் போட்டுத் தேய்த்து,
வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து,
மஞ்சள் பல்பொன்றை நாக்காய்த் தொங்கவிட்டேன்.
ஊருக்கெல்லாம் கேட்டது
இப்போது என் மேசையில்
ஒரு சோற்றுக் கோப்பை அளவு இடத்தோடு மட்டும்
கதைக்கிறது.

பிறகு ஒரு பஸ் சீற்.
முதுகில் வெள்ளை எழுத்து: மதகுருமாருக்கு.
அதில்தான் நைட்டியோடு இருந்து
தேத்தண்ணி குடிக்கிறேன்.
மூடிப்போன கூல்பாரின் ஐஸ்கிறீம் கிண்ணங்கள் ஐந்தில்
மணி பிளான்ட் விட்டேன்,
இரண்டு செத்துப்போயிற்று.

"ஏனடி இந்தக் கறள் எல்லாம்,
தவணைக்கு நல்லதா எடுக்கலாமே"
என்கிறாள் ஒஃபிசில் கஜவதனி.
தவணை கட்டாதவர்களுக்கு
மூன்றாம் கடிதம் அடிப்பதுதான்
எனக்கும் அவளுக்கும் வேலை.

கடைசியாய் அந்தத் தகரப் பலகை.
நீலத்தில் சிவப்பு,
கறள் தின்றது போக மிச்சம்:
இங்கு காற்று அடிக்கப்படும்.
யன்னலுக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டி
கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன்.
முதன்முறையாக
அது என் அறை.

சனி விடிய ஏழு மணி.
வெளியே ரப்பர் ஹோர்ன்.
மீன்பெட்டி கட்டின லுமாலா சைக்கிள்,
பின் சில்லு சப்பையாய்.
"தங்கச்சி, ஒருக்காக் காத்தடிக்கலாமோ?"
"இல்லை அண்ணை, அது சும்மா
அழகுக்கு மாட்டினது."
"அழகுக்கோ?"
யன்னலால் எட்டி
உதடசைத்து இன்னொருமுறை வாசித்தார்.
"அப்ப அது பொய்யோ?"
கோபமில்லை அந்தக் குரலில்.
அறிய விரும்பினார், அவ்வளவுதான்.
உருட்டிக்கொண்டு போனார்.
பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணி
படலையடியிலிருந்து சந்திவரை
ஒரு கோடு போட்டது.
கோடு காய்ந்த பிறகும் எனக்கு
மதகுருமார் இருக்கையில் இருப்புக் கொள்ளவில்லை.

பின்னேரம் நானாவிடம் போனேன்.
காலால் மிதிக்கிற பம்ப்,
மூன்று கிலோ இருநூறு.
தராசில் வைத்துக்கொண்டே
வழக்கத்தில் இல்லாதபடி கேட்டார்:
"இதை எங்க மாட்டப் போறீங்க?"
"மாட்டேல்லை நானா. காத்தடிக்க."
நூறு ரூபா குறைத்தார்.

உள்ளே தோல் வாஷர் மக்கிப்போயிருந்தது.
கலியாணத்துக்கு வந்த கைப்பையின் அடிப்பக்கத்தில்
ஒரு ரூபாக் குத்தியை வைத்து வட்டம் கீறி
வெட்டினேன்.
தேங்காய் எண்ணெய் பூசிப் போட்டு
மிதித்தேன்.
புஸ் என்றது. பிறகு
இறுகியது.

அடுத்த சனி ஆறரைக்கே
கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.
ஹோர்ன் கேட்டது.
லுமாலா வந்தது,
இரண்டு சில்லும் கல்லு மாதிரி,
நிற்கவில்லை.
போகிற போக்கில் தலையைத் திருப்பி
பலகையை ஒருமுறை பார்த்தார்.

நான் பம்பைத்
தூக்கிக் காட்டினேன்.